ஸ்காட்லாந்தின் சிற்றூர்ப் பப்புகளும் பீர் ஆலைகளும்: காரில்லாமல் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ட்வீட்கரை · எடின்பரோ

எடின்பரோ வந்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் நாலு வருஷம், பப் என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஆட்கள் கூடி நின்று சத்தம் போடும் இடம் என்றுதான் எண்ணியிருந்தேன். போன வருஷம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை எக்ஸ்62 பஸ்ஸில் ஏறி இன்னர்லீதன் போனேன். அதிலிருந்து மாதம் ஒரு ஊர். பதினோரு ஊர் ஆகிவிட்டது. கார் கிடையாது, எல்லாம் பஸ்ஸும் ரயிலும்தான்.

இன்னர்லீதனில் இறங்கி ட்வீட் ஆற்றைத் தாண்டி ஒன்றரை மைல் போல நடந்தால் ட்ராக்வேர் மாளிகை. ஸ்காட்லாந்தில் ஆள் குடியிருப்பது இடையில் விட்டுப்போகாத வீடுகளில் இதுதான் பழையது. வாசலில் இரண்டு கரடிச் சிலையோடு ஒரு பெரிய இரும்புக் கதவு. 1745இல் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் வந்து போன பிறகு சாத்திவிட்டார்கள். ஸ்டூவர்ட் வம்சத்தார் மறுபடி முடிசூடும்வரை திறப்பதில்லை என்று சொன்ன சொல். இன்றுவரை திறக்கவில்லை, நாம் பக்கத்துப் பாதையில்தான் போக வேண்டும்.

நான் போனது ஆலைக்காக. சின்ன தேவாலயம் மேலே, பீர் காய்ச்சும் அறை அதற்குக் கீழே. 18ஆம் நூற்றாண்டில் வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் அங்கேயே காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு வழக்கம் விட்டுப்போய், தட்டுமுட்டுச் சாமான் அடைக்கும் இடமாகக் கிடந்தது. 1965இல் அந்த வீட்டின் 20ஆம் தலைமுறைப் பிரபு பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் சாமான்களை ஒதுக்கிப் பார்க்கிறார், செம்புக் கொப்பரையும் மரத் தொட்டிகளும் அப்படியே இருக்கின்றன. டன்பாரில் பெல்ஹேவன் ஆலையை நடத்திவந்த சாண்டி ஹன்ட்டர் தொழில் சொல்லிக் கொடுக்க, அடுப்பு மறுபடி எரிந்தது. இப்போது மகள் கேத்தரின் பார்த்துக்கொள்கிறார். இன்றும் ஓக் மரத் தொட்டியில்தான் நொதிக்க விடுகிறார்கள். எஃகுத் தொட்டியைக் கழுவுவது எவ்வளவு சுலபம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் மரத்தை விடவில்லை.

ட்ராக்வேர் ஹவுஸ் ஏல் (ஏல் என்பது ஒரு வகை பீர்) 7.2 சதவீதம் ஆல்கஹால். கருப்பட்டிப் பாகு கொஞ்சம் முறுகினால் ஒரு மணம் வருமே, அந்த மணம். ஜாக்கபைட் ஏல் என்று 8 சதவீதத்தில் இன்னொன்று. அதில் கொத்தமல்லி விதை போடுகிறார்கள். ஒரு சின்னக் கிளாஸை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, பப் பலகையில் 70, 80 என்று எண் போட்டு ஷில்லிங் என்கிறார்களே, என்ன கணக்கு? இரண்டு, ஆகஸ்டில் அப்பா அம்மா வருகிறார்கள். இரண்டு பேரும் குடிக்க மாட்டார்கள். கூட்டிப் போகலாமா?

மாவூறல் · லீட்ஸ்

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன், ஆகவே முதல் கேள்வி என்னுடையது.

19ஆம் நூற்றாண்டில் பெரிய பீப்பாய் ஒன்றின் விலையை வைத்துப் பீருக்குப் பேர் வைத்தார்கள். 60 ஷில்லிங் லேசானது. 70 நடுத்தரம், அதைத்தான் ஊர்க்காரர் ஹெவி என்பார்கள். 80 கொஞ்சம் அழுத்தம், எக்ஸ்போர்ட் என்றும் பேர். 90க்கு மேலே போனால் 6 சதவீதத்தைத் தாண்டும். சின்ன பாட்டிலில் வந்த அந்த ரகம்தான் வீ ஹெவி. ஷில்லிங் கணக்கு 1971இல் நாணய முறையை விட்டே போய்விட்டது, பீரில் மட்டும் பேர் நிற்கிறது. எக்ஸ்போர்ட் என்ற சொல்லுக்குள் நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பலேறிய பேல் ஏலை எடின்பரோ ஆலைகளும் நிறையக் காய்ச்சின.

ஸ்காட்லாந்தின் பழைய பீர் ஏன் கசப்புக் குறைந்து முளைகட்டிய பார்லியின் இனிப்போடு இருக்கிறது என்று கேட்பார்கள். வழக்கமாகச் சொல்லும் காரணம் இது: பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் கொடி அந்தக் குளிரில் சரியாக வராது. இங்கிலாந்தின் கென்ட் பக்கத்திலிருந்து காசு கொடுத்துத் தருவிக்க வேண்டும். பார்லியோ எடின்பரோவைச் சுற்றியுள்ள லோதியன் வயல்களில் கொட்டிக் கிடக்கும். கையில் இருப்பதை வைத்துத்தானே சமையல். பீட் என்ற சதுப்பு நிலத்து மண்கரியின் புகை வாசனையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது விஸ்கியின் சமாச்சாரம்.

பீப்பாய் ஏலை ஒரு தடவையாவது குடித்துப் பாருங்கள். அது உயிருள்ள பீர். ஆலையிலிருந்து வந்த பிறகும் பப்பின் நிலவறையில் ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும். 11, 12 டிகிரியில் வைத்து, வண்டல் அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் ஊற்றுவார்கள். பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாலு நாளில் காலியாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். கள்ளு இறக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பப்பில் பீப்பாய் ஏல் நன்றாக இருக்கிறதென்றால் அந்த நிலவறையை ஒருவர் தினமும் இறங்கிப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

இங்கிலாந்தில் கையால் இழுக்கும் பம்ப். ஸ்காட்லாந்தின் பழைய முறை வேறு: காற்றழுத்தம் பீரை மேலே தள்ளும். கவுண்டர் மேல் ஓர் உயரமான பித்தளைத் தூண் நிற்கும், ஃபவுன்ட் என்பார்கள். இன்று மிகச் சில இடங்களில்தான் மிச்சம். எங்காவது கண்டால் அதிலிருந்தே ஒரு ஹாஃப் (அரை பைன்ட்) கேளுங்கள்.

பெர்த்_செல்வி · பெர்த்

ட்வீட்கரை தம்பி, அப்பா அம்மாவைத் தாராளமாகக் கூட்டிட்டுப் போங்க. நான் மதுவைத் தொட்டதில்லை. வீட்டுக்காரர் எப்பவாவது ஒரு ஹாஃப். எட்டு வயசும் நாலு வயசுமா ரெண்டு பிள்ளைங்க. நாங்க போகாத ஊர் பப் இந்தப் பக்கத்துல குறைவு.

தெரிஞ்சுக்க வேண்டியதைச் சொல்றேன். யாரும் வந்து ஆர்டர் எடுப்பாங்கன்னு மேசையில காத்திருக்காதீங்க, பெரும்பாலும் கவுண்டருக்குப் போய்க் கேட்டு அங்கேயே காசு கொடுத்துட்டு வரணும். பிள்ளைங்களை விடுவாங்களா, எத்தனை மணி வரைக்கும்னு உள்ள நுழைஞ்சதும் கேட்டுடுங்க. ஒவ்வொரு பப்புக்கும் உரிமத்துல வேற வேற நிபந்தனை. சின்ன ஊர்ல அடுப்படி எட்டு, எட்டரைக்கே சாத்திடுவாங்க. ஒன்பது மணிக்குப் பசியோட போய் நின்னா சிப்ஸ் பாக்கெட்தான். நாய்கள் உள்ள இருக்கும். அம்மாவுக்குப் பயம்னா முதல்லயே சொல்லி வைங்க.

முதல் தடவை லின்லித்கோவுல ஃபோர் மேரிஸ்க்குப் போனப்ப வாசல்லயே தயங்கி நின்னேன். ராணி மேரி பிறந்தது அந்த ஊர் அரண்மனையில, 1542. அவங்களுக்குத் தோழிகளா இருந்த நாலு மேரிகளோட பேர்தான் பப்புக்கு. உள்ள போனதும் நாலஞ்சு பேர் திரும்பிப் பாத்தாங்க. அவ்வளவுதான், திரும்பிட்டாங்க. பக்கத்து மேசையில எழுபது எண்பது வயசுல ஒரு பாட்டி, காலடியில நாய், கையில குறுக்கெழுத்து. பெரியவனைப் பாத்து "ஏழு எழுத்து, மழைக்காலப் பூச்சி, தெரியுமா"ன்னு கேட்டாங்க. அன்னிலேருந்து அவனுக்கு அந்த இடத்து மேல ஒரே பாசம்.

குடிக்காதவங்க என்ன வாங்கறதுன்னு கூச்சப்பட வேண்டாம். ஐயர்ன்ப்ரூ, இஞ்சி பீர், எலுமிச்சை சோடா, டீ, எல்லாம் இருக்கும். ஏன் குடிக்கலைன்னு ஒருத்தரும் என்கிட்ட கேட்டதில்லை.

கரிசல்காரன் · கோவில்பட்டி

எல்லாத்தையும் படிச்சேன். எழுத்து நல்லாருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். எங்கப்பா குடிச்சே போனாரு, நாப்பத்தாறு வயசு. அம்மா தீப்பெட்டி ஆபீசுல வேலை பாத்துத்தான் எங்க மூணு பேரையும் வளத்தா. இங்க நீங்க மரத்தொட்டி, கருப்பட்டி மணம்னு எழுதுறப்ப எனக்கு நெஞ்சு அடைக்குது. அந்த ஊர்ல குடிச்சு அழிஞ்ச குடும்பமே இல்லையா? அதைப் பத்தி ஒரு வரி இல்லையே.

ட்வீட்கரை

கரிசல்காரன் அண்ணாச்சி, கேட்டது நியாயம். நான் எழுதியிருக்க வேண்டும். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. கிளாஸ்கோவில் நான் வேலை பார்த்த ஒரு வருஷத்தில் கண்ணால் பார்த்தேன். 2018 மே மாதத்திலிருந்து ஸ்காட்லாந்தில் மதுவுக்குக் குறைந்தபட்ச விலையைச் சட்டமே வைத்திருக்கிறது, யூனிட்டுக்கு (10 மில்லி சுத்த ஆல்கஹாலுக்கு) 50 பென்ஸ் என்று தொடங்கி 2024 செப்டம்பர் கடைசியில் 65 ஆக்கினார்கள். கடைகளில் காலை 10 மணிக்கு முன்னாலும் இரவு 10 மணிக்குப் பின்னாலும் பாட்டில் விற்கக் கூடாது. ஊருக்கு வலி இல்லாமல் இப்படிச் சட்டம் வராது.

எனக்கு இந்த ஊர்களில் பிடித்தது, குடிப்பதற்கு வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளாமல் நாலு பேர் கண்ணெதிரே உட்காருவது. ஆனால் அது உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது என்றும் தெரிகிறது.

சுரங்கத்தெரு · நியூட்டன்கிரேஞ்ச்

கரிசல்காரன் ஐயா, நான் இருக்கும் ஊரிலேயே உங்கள் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. முழுப் பதில் என்று சொல்ல மாட்டேன்.

நியூட்டன்கிரேஞ்ச் எடின்பரோவுக்குத் தெற்கே உள்ள பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். தெருக்களுக்குப் பேர்கூட ஒன்றாம் தெரு, இரண்டாம் தெரு என்றுதான். சுரங்கத்தொழிலாளி கூலியைக் குடித்துத் தீர்ப்பது அன்று பெரிய துயரம். அப்போது ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் ஒரு முறை வைத்திருந்தார்கள். மதுக்கடையில் பணம் போட்டவருக்கு வருஷத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் லாபம் கிடையாது. மிச்சமெல்லாம் ஊருக்கு. கடையை நடத்துகிறவருக்குச் சம்பளம் உண்டு. அதிகமாக விற்றால் அதிக வருமானம் என்பது கிடையாது. இன்னொரு கிளாஸ் ஊற்றச் சொல்லித் தூண்ட அவருக்குக் காரணமே இல்லாமல் செய்தார்கள்.

அந்த முறையில் 1899இல் இங்கே தொடங்கியதுதான் டீன் டாவர்ன். அதன் லாபத்தில் ஊருக்குப் பூங்கா வந்தது, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌலிங் மைதானம் வந்தது. இப்போதும் தனி முதலாளி இல்லை, அறக்கட்டளைதான் நடத்துகிறது, மிச்சப் பணம் ஊர்க் காரியங்களுக்குப் போகிறது. என் மகள் ஊஞ்சல் ஆடும் பூங்காவைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். பிரெஸ்டன்பான்ஸ் ஊரிலும் 1908இல் கட்டிய இதே வகை பப் நிற்கிறது, கோத் என்றே கூப்பிடுகிறார்கள்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இங்கே பப்பைத் தொடங்கியது நிலக்கரிக் கம்பெனி. வீடும் அவர்களது, கூலியும் அவர்களது, பப்பும் அவர்களது. தொழிலாளி எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனியின் சுவர். அதனால் இதைத் தர்மம் என்று மட்டும் படிக்கக் கூடாது. ஆனாலும் பூங்கா ஊருக்கு வந்து சேர்ந்தது என்பதும் உண்மை.

எங்கள் ஊருக்கு ரயில் 1969இல் நின்றுபோனது. பார்டர்ஸ் பாதையை 2015 செப்டம்பரில் மறுபடி திறந்தார்கள். எடின்பரோ வேவர்லி ஸ்டேஷனிலிருந்து அரை மணிக்குள் வந்துவிடலாம். ஸ்டேஷன் பக்கத்திலேயே தேசியச் சுரங்க அருங்காட்சியகம்.

மாவூறல்

சுரங்கத்தெரு சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

மதுக்கடையை மூட ஊரே ஓட்டுப் போடலாம் என்று ஸ்காட்லாந்துக்கு 1913இல் தனிச் சட்டம் வந்தது. 1920இலிருந்து ஓட்டெடுப்பு. வடக்குக் கோடியில் விக் என்ற ஹெர்ரிங் மீன்பிடித் துறைமுகம். பருவம் வந்தால் படகுகளும் மீன் உப்பிடும் பெண்களுமாக ஊர் பிதுங்கும், குடியும் கூடவே. அந்த ஊர் 1922இல் கடைகளை மூடியது. 1947 வரை 25 வருஷம் ஒரு பப் கிடையாது. கிளாஸ்கோ பக்கத்தில் கிர்க்கின்டிலோக் 1960களின் கடைசி வரை தாக்குப்பிடித்தது. இன்று விக்கில் பப்புக்குப் போகிறவர்கள் இந்தக் கதையையும் தெரிந்துகொண்டு போகலாம்.

அரசே கடை நடத்துவதும் நம் ஊர் டாஸ்மாக்கோடு தொடங்கியதல்ல. முதல் உலகப் போரில் கிரெட்னாவில் பிரம்மாண்டமான வெடிமருந்துத் தொழிற்சாலை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், சாயங்காலம் குடி. 1916இல் அரசாங்கம் கார்லைல், கிரெட்னா, அன்னன் பக்கத்துப் பப்புகளையும் ஆலைகளையும் தானே எடுத்துக்கொண்டது. வடக்கே கடற்படை இருந்த குரோமார்ட்டி கழிமுகத்திலும் அப்படியே. விளம்பரத்தைக் குறைத்தார்கள், சாப்பாடு வைத்தார்கள். சாப்பாட்டு விற்பனைக்கு மேலாளருக்குக் கமிஷன் உண்டு, சாராயத்துக்குக் கிடையாது. 1973 வரை நடந்தது. நம் ஊரிலும் அந்தக் கடைசி விதியை வைத்திருக்கலாம் என்று மனசார நினைக்கிறேன்.

கரிசல்காரன்

சுரங்கத்தெரு தம்பி, மாவூறல், ரெண்டு பேருக்கும் நன்றி. அஞ்சு சதவீதத்துக்கு மேல லாபம் எடுக்கக் கூடாதுன்னு எழுதி வச்சது பெரிய விஷயம். என் பசங்களுக்கும் படிச்சுக் காட்டினேன். இன்னொண்ணு, வண்டி ஓட்டுறவங்களுக்குச் சேதி யாராவது எழுதுங்க. இதைப் படிச்சிட்டு நாளைக்கு ஒருத்தன் கார் எடுத்துட்டுக் கிளம்புவான்.

பெர்த்_செல்வி

நல்லாக் கேட்டீங்க அண்ணா. ஸ்காட்லாந்துல 2014 டிசம்பர்லேருந்து வண்டி ஓட்டுறவங்களுக்கு அளவு 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால். இங்கிலாந்துல 80. எல்லை தாண்டி வர்றவங்க இதைத் தெரியாம மாட்டிக்கறாங்க. "ஒரு பைன்ட் பரவாயில்லை"ங்கற கணக்கெல்லாம் இங்க வேண்டாம். ஓட்டுறவங்க ஒரு சொட்டும் தொடாம இருக்கறதுதான் சரி. ராத்திரி குடிச்சவங்க மறுநாள் காலையில ஸ்டியரிங் பிடிக்கறதும் ஆபத்துதான். நான் ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவுல வேலை செய்றவ. பாத்ததைச் சொல்றேன்.

இங்க குடியிருக்கற 22 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கும் 60 தாண்டினவங்களுக்கும் அட்டை இருந்தா பஸ் இலவசம். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறது அதனால சுலபம்.

ஹட்டன்மலை · லண்டன்

இந்த இழையைப் பல நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

என் அப்பாயி தேயிலைக் கொழுந்து எடுத்தது இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவில் டன்கெல்ட் தோட்டத்தில். விடிய முந்திப் பிரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்து, மலை ஏறி, அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்து எடுத்து நாற்பது வருஷம். நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்து லயத்தில்தான், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். டன்கெல்ட் என்றால் எங்களுக்கு அந்த மலையும் அந்தத் தண்ணிப் பீலியும்தான். அது வேறொரு ஊரின் பேர் என்றே பதினாறு வயசு வரை தெரியாது.

மலைநாட்டில் ஸ்காட்லாந்துப் பேர் தாங்கிய தோட்டம் கொஞ்சமல்ல. லூல்கந்துரையில் 1867இல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரே கின்கார்டின்ஷயர்க்காரர். கோப்பிக் காலத்திலிருந்தே தொரைமாரில் நிறையப் பேர் அந்தப் பக்கத்து ஆட்கள். ஊர் நினைப்பில் பேர் வைத்தார்கள். அந்தப் பேர்களை எங்கள் ஆட்கள் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் சுமந்தார்கள்.

2023இல் ரயிலேறி உண்மையான டன்கெல்ட் போனேன். பெர்த்துக்கு வடக்கே சின்ன ஊர். பொறியாளர் டெல்ஃபோர்ட் 1809இல் கட்டி முடித்த பாலம், அதைத் தாண்டினால் டே ஆற்றங்கரையில் டேபேங்க் என்ற பப். பாட்டுக்குப் பேர்போன இடம். நான் போன அன்று மூலையில் இரண்டு பேர் ஃபிடில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கவுண்டரில் நின்ற பெண்ணிடம், டன்கெல்ட் என்ற பேரில் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது, என் அப்பாயி அங்கே வேலை செய்தார் என்று சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி. ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டார்.

பெரியவர் என்னை உட்கார வைத்து எல்லாம் கேட்டார். மலை எவ்வளவு உயரம், கூடை எப்படிக் கட்டுவார்கள், கூலி என்ன, வீடு எப்படி. மறைக்காமல் சொன்னேன். லயத்து அறையின் அளவைச் சொன்னபோது அவர் மேசையில் விரலால் கோடு போட்டுப் பார்த்தார். பிறகு, "அங்கே இருப்பவர்களுக்கு இந்தப் பேரின் அர்த்தம் தெரியுமா" என்று கேட்டார். தெரியாது என்றேன். கேலிக் மொழியில் கலிடோனியரின் கோட்டை என்று பொருள் என்றார். அப்பாயி ஆயுசு முழுக்கச் சொன்ன சொல்லின் அர்த்தம் எனக்கு அந்தப் பப்பில்தான் கிடைத்தது.

நான் குடித்தது ஒரு டீ. இலங்கைத் தேயிலையா என்று கேட்க மனசு வரவில்லை.

ட்வீட்கரை

ஹட்டன்மலை அண்ணா, இரண்டு தடவை படித்தேன். எழுதியதற்கு நன்றி. அப்பா அம்மாவை டன்கெல்ட் கூட்டிப் போகிறேன். அந்த ஜன்னலோரம் உட்காருவோம்.

மலைநடை · இன்வெர்னஸ்

இன்வெரியில் இருக்கும் ஓல்ட் ஃபோர்ஜ் பப்பைச் சொல்லாமல் இந்த இழை நிறையாது. நாய்டார்ட் தீபகற்பம். பிரிட்டன் பெருநிலத்திலேயே எட்டாக்கையில் இருக்கும் பப் என்று பேர். வெளியூர்ச் சாலை எதுவும் அங்கே போய்ச் சேராது. மலேக் துறையிலிருந்து படகு, இல்லாவிட்டால் இரண்டு நாள் மலைநடை. நான் கின்லோக்ஹோர்ன் பக்கத்திலிருந்து நடந்தேன், நடுவில் ஓர் இரவு. மழையில் நனைந்து, முட்டி வலியோடு கதவைத் திறந்தபோது உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. "பூட்ஸைக் கழற்ற வேண்டாம், வா" என்றார்கள்.

2022இல் அந்த ஊர் மக்களே பணம் திரட்டிப் பப்பை விலைக்கு வாங்கிவிட்டார்கள். அந்த மாதிரி இடத்தில் பப் பூட்டிக் கிடந்தால் ஊருக்குக் கூடிப் பேச வேறு கூரை இல்லை. படகுக்குக் காத்திருப்பவர், பிள்ளைக்குப் பிறந்தநாள், மரணச் செய்தி, எல்லாம் அங்கேதான்.

க்ளென்கோவில் க்ளாகைக் பப்பும் நடப்பவர்களுக்கு வீடு மாதிரி. வரவேற்பு மேசையில் கேம்பெல்களுக்கு அனுமதியில்லை என்று ஒரு பலகை. 1692 பிப்ரவரியில் விருந்தாளியாகத் தங்கிய படையாட்கள் மெக்டொனால்டுகளைக் கொன்ற பள்ளத்தாக்கு அது. படைக்குத் தலைவன் ஒரு கேம்பெல். முந்நூறு வருஷம் தாண்டியும் உண்ட வீட்டுக்குச் செய்த துரோகத்தைப் பலகையில் வைத்திருக்கிறார்கள்.

கடலோர_ஆஃப்ஸ்பின் · கிர்க்கால்டி

ஃபைஃப் கடற்கரையில் ஈலி. ஷிப் இன் பப்புக்குச் சொந்தமாக ஒரு கிரிக்கெட் டீம் உண்டு. மைதானம் எது தெரியுமா? பப்புக்கு எதிரே கடற்கரை. நீர் வற்றும்போது ஈர மணலில் ஸ்டம்ப் ஊன்றி ஆடுவார்கள், அலை திரும்பி வருமுன் முடிக்க வேண்டும். ஆகவே ஆட்ட நாள் ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். பப் தோட்டத்துச் சுவரில் உட்கார்ந்து பார்க்கலாம். ஈர மணலில் பந்து எழும்புவதும் எழும்பாததும் அதன் இஷ்டம். மெரினா மணலில் டென்னிஸ் பந்து போட்டவர்களுக்குக் கண் கலங்கும்.

1969இல் மூடிய லீவன் ரயில் பாதை 2024இல் திறந்துவிட்டது. லீவனில் இறங்கி 95 பஸ்.

மாவூறல்

அலோவாவை விட்டுவிட்டோமே. ஒரு காலத்தில் எடின்பரோவுக்கு அடுத்து பீர் என்றால் அலோவா. பெரிய ஆலைகளெல்லாம் மூடிய ஊரில் இன்று வில்லியம்ஸ் பிரதர்ஸ் ஃப்ரோக் என்று ஒரு பீர் காய்ச்சுகிறார்கள். கேலிக்கில் ஹெதர் பூ. மலையெல்லாம் ஊதாவாகப் பூக்குமே, அதுதான். ஹாப்ஸுக்கு முந்திய காலத்து முறையில் அந்தப் பூவும் சதுப்பு நிலத்து மணச்செடியும் போடுகிறார்கள்.

அதற்கு ஒரு பழங்கதை உண்டு. ஸ்காட்லாந்தின் பழங்குடியான பிக்ட் இனத்தில் கடைசியாக மிஞ்சியவர்கள் ஒரு தகப்பனும் மகனும். ஹெதர் பீரின் பக்குவத்தைச் சொன்னால் உயிர்ப்பிச்சை என்கிறான் எதிரி ராஜா. மகன் முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவனை முதலில் கடலில் தள்ளுங்கள், சொல்கிறேன் என்கிறான் கிழவன். தள்ளினார்கள். "பையன் பயந்து சொல்லிவிடுவானோ என்றுதான் கவலை. எனக்குச் சாவு பெரிதல்ல. ரகசியம் என்னோடு போகட்டும்" என்றானாம். ஒவ்வொரு முறை அந்த பாட்டிலைத் திறக்கும்போதும் நினைவு வரும்.

ட்வீட்கரை

போன வாரம் டம்ஃப்ரீஸ் போய் வந்தேன், பன்னிரண்டாவது ஊர். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் கடைசி ஐந்து வருஷம் வாழ்ந்து 1796இல் இறந்த ஊர். அவருக்கு உத்தியோகம் கலால் துறையில். பகலில் சாராயத்துக்கு வரிக்கணக்கு, ராத்திரி க்ளோப் இன் பப்பில் கவிதை. 1610இலிருந்து இருக்கிற பப். மாடி அறை ஜன்னல் கண்ணாடியில் வைரத்தால் கீறி எழுதிய வரிகளைக் காட்டுகிறார்கள். கீழே அவர் உட்கார்ந்த நாற்காலி. அதில் உட்கார்ந்தால் அவர் கவிதையில் ஒரு வரியாவது சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரு ரவுண்ட் வாங்கித்தர வேண்டும். எனக்கு முன்னால் உட்கார்ந்த எழுபது வயசு ஆள், வேலை ஓய்ந்த லாரி டிரைவராம், எட்டு வரி சொன்னார். கடைசி இரண்டு வரியை அறையிலிருந்த எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். நான் இரண்டு வரி மனப்பாடம் பண்ணிப் போயிருந்தேன். சொன்னேன், கை தட்டினார்கள்.

ஹாஃப் அண்ட் எ ஹாஃப் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். அரை பைன்ட் பீரும் பக்கத்தில் ஒரு சின்ன விஸ்கியும். பெரியவர்கள் அதை மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வேறொரு ஊரில் ஆலையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன், அடுத்த பஸ் இரண்டரை மணி நேரம் கழித்து. போகுமுன் போன் பண்ணிவிடுங்கள். ட்ராக்வேர் குளிர்காலத்தில் பார்வையாளருக்குத் திறப்பதில்லை.

அடுத்தது நியூட்டன்கிரேஞ்ச். ஆகஸ்ட் இரண்டாம் சனி, அப்பா அம்மாவோடு. யார் வருகிறீர்கள்?

பெர்த்_செல்வி

நாங்க நாலு பேர். சுரங்க அருங்காட்சியகத்தை முதல்ல பாத்துடலாம், பிள்ளைங்க பசிக்கறதுக்குள்ள. மதியச் சாப்பாடு டீன் டாவர்ன்ல.

சுரங்கத்தெரு

ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப் போகிறேன். மேசைக்குச் சொல்லி வைக்கிறேன். எத்தனை பேர் என்று வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள்.

கரிசல்காரன்

போறப்ப அந்தப் பூங்காவைப் படம் எடுத்துப் போடுங்க. பிள்ளைங்க ஊஞ்சல் ஆடுற மாதிரி.

சுரங்கத்தெரு

எடுத்துப் போடுகிறேன் ஐயா.